சின்ன எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டா, லாங்போர்டா, மடக்கு ஸ்கூட்டரா?

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். நடந்தால் நாற்பது நிமிடம் போய்விடுகிறது. பஸ்ஸை நம்ப முடியவில்லை. கையில் தூக்கிக்கொள்கிற மாதிரி சின்ன எலக்ட்ரிக் ஸ்கேட்போர்ட் வாங்கலாமா? இல்லை, பெரிய லாங்போர்டா? பேசாமல், நின்றுகொண்டு ஓட்டும் மடக்கு ஸ்கூட்டரே வாங்கிவிடட்டுமா?"

கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். உச்ச வேகம், ஒரு சார்ஜில் ஓடும் தூரம், விலை. இவை தேவைதான். ஆனால் ஒரு நாளில் அந்த வண்டியை எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறீர்கள், எவ்வளவு நேரம் சுமக்கப்போகிறீர்கள், ஓட்டும் தரை எப்படிப்பட்டது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். சின்னப் பலகையின் முழு அருமையும் அதன்மேல் நாம் நிற்காத நேரத்தில்தான் தெரியும். அதன் முழுத் தொல்லையும் மேலே ஏறி நின்ற பிறகுதான் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

சுமை. படியேறுவது, ரயிலில் நிற்பது, கடைக்குள் போவது, மீட்டிங் அறையில் வைப்பது எல்லாம் இதில் சேரும்.

தரை. புதுத் தாரா, விரிசல் விட்ட சிமெண்டா, மரவேர் தூக்கிவிட்ட நடைபாதையா?

நிறுத்தம். எவ்வளவு தூரத்தில் நிற்கும், இறக்கத்தில் நிற்குமா, கருவி கைவிட்டால் வேறு வழி உண்டா?

தூரம். கம்பெனி சொல்லும் தூரம் வேறு, நம் உடல் எடையோடும் எதிர்காற்றோடும் கிடைக்கும் தூரம் வேறு. சொல்வதில் அறுபது சதவீதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

சட்டம். கலிஃபோர்னியாவில் ஸ்கேட்போர்டுக்கு ஒரு விதி, ஸ்கூட்டருக்கு வேறு விதி.

மூன்று வருடச் செலவு. வாங்கும் விலை மட்டும் போதாது. பேட்டரி, சக்கரம், உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## சின்னப் பலகை

ஏறத்தாழ 75 செ.மீ. நீளம், 6 முதல் 8 கிலோ எடை, 80 முதல் 90 மி.மீ. சக்கரம், மேல்நோக்கி வளைந்த வால். இந்த வகையைப் பரவலாக்கியதில் பூஸ்டட் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த மினி எஸ் பலகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் மோட்டார் ஒரு பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுற்றியது. இன்று விற்கும் சின்னப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. ஹப் மோட்டார் என்பார்கள். சத்தம் குறைவு, பராமரிப்பும் குறைவு. பேட்டரி தீர்ந்துபோனாலும் சாதாரணப் பலகை மாதிரி காலால் உந்திக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

இதன் முதல் பலம், எங்கும் கொண்டுபோகலாம் என்பது. கால்ட்ரெயின் புறநகர் ரயிலில் சைக்கிள் கொண்டுபோகிறவர் சைக்கிள் பெட்டியைத் தேடி நிற்க வேண்டும். சின்னப் பலகைக்காரர் எந்தப் பெட்டியிலும் ஏறி, காலுக்கிடையில் செங்குத்தாக நிறுத்திக்கொள்வார். அலுவலகத்தில் மேசைக்கடியில் போய்விடும். வெளியே பூட்டி வைக்க வேண்டியதே இல்லை. இந்த ஊரில் திருட்டுப் பயம் இல்லாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது பலம் அந்த வால். நெரிசலான இடத்தில் பின்காலால் வாலை அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும், நின்ற இடத்திலேயே திரும்பிவிடலாம். லாங்போர்டில் இதே திருப்பத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

இனி குறைகள். முதலாவது தரை. பாலோ ஆல்டோ, சன்னிவேல் பக்கம் தெருவோரங்களில் லிக்விடாம்பர் மரங்கள் நிறைய உண்டு. இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை அவற்றின் முள்ளுருண்டைக் காய்கள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் சிதறிக் கிடக்கும். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். ஸ்கூட்டர் சக்கரம் அதை நசுக்கிக்கொண்டு போய்விடும். 80 மி.மீ. சக்கரம் அதில் மோதினால் பலகை நிற்கும், நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள்.

இதில் கணக்கும் இருக்கிறது. ஒரு செ.மீ. உயரமுள்ள சிமெண்ட் விளிம்பில் ஏற, 80 மி.மீ. சக்கரத்துக்கு வேண்டிய தள்ளுவிசை, எட்டரை அங்குல ஸ்கூட்டர் சக்கரத்துக்கு வேண்டியதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்கூட்டர் டயருக்குள் காற்றும் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஹப் மோட்டார் பலகையில் மோட்டாரைச் சுற்றி இருக்கும் யூரித்தேன் (ரப்பர் மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக்) உறை மெல்லியது. அதனால் சொரசொரப்பான தாரில் அதிர்வு நேராக உள்ளங்காலுக்கு வரும். பத்து நிமிடத்துக்கு மேல் அப்படிப் போனால் பாதம் மரத்துப்போகும்.

இரண்டாவது குறை பலருக்கும் தெரியாதது. சின்னது என்பதால் பழகுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்தால் பலகை சட்டென்று திரும்பும். கால் வைக்க இடமும் குறைவு. மணிக்கு 25 கி.மீ. தாண்டும்போது பலகை இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கலாம். பழகியவர் முன்காலில் எடையைப் போட்டு, முழங்காலை மடக்கி, அதை அடக்கிவிடுவார். புதியவர் பயந்து நிமிர்ந்து நிற்பார், ஆட்டம் பெரிதாகும். ஸ்கேட்போர்டே ஏறியிராதவர் முதல் பலகையாக இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாங்கியே தீருவேன் என்றால், முதல் வாரம் காலியான பார்க்கிங்கில் குறைந்த வேக முறையில் மட்டும் ஓட்டுங்கள்.

மூன்றாவது பேட்டரி. எடையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் குறைவது அதுதான். மினி எஸ் பலகையில் இருந்தது 99 வாட் அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு). கம்பெனி சொன்ன தூரம் 7 மைல், அதாவது 11 கி.மீ. என் கணக்குப்படி நம்பிப் போகத்தக்கது அதில் ஆறேழு கிலோமீட்டர். இன்றைய சின்னப் பலகைகள் சில இதைப்போல் இரு மடங்கு பேட்டரியோடு வருகின்றன. ஆனாலும் சார்ஜ் இறங்க இறங்க மின்னழுத்தம் குறைந்து, கடைசிக் கால்பகுதியில் வேகமும் ஏறுவலுவும் மந்தமாகும் என்பது மாறவில்லை.

நான்காவது பிரேக். இது எல்லா எலக்ட்ரிக் பலகைக்கும் பொது என்றாலும் இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். இவற்றில் கம்பியோ டிஸ்கோ கிடையாது. மோட்டாரே பிரேக். நிறுத்தும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகப் பல பலகைகள் பிரேக்கை வலுவிழக்கச் செய்யும் அல்லது விட்டுவிடும். மேட்டில் வீடு, காலையில் முழுச் சார்ஜோடு நேராக இறக்கத்தில் கிளம்புகிறீர்கள் என்றால் ஆபத்து அங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் எண்பது எண்பத்தைந்து சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டுவதும் நிறுத்துவதும் கையிலிருக்கும் ரிமோட்டால்தான்; அதன் தொடர்பு அறுந்தாலும் பிரேக் போய்விடும். காலைத் தரையில் உரசி நிறுத்தும் பழைய பழக்கத்தைக் கற்றுவைத்திருங்கள். பேட்டரி சிறிதாக இருப்பதால் சின்னப் பலகைக்காரர்கள் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே கிளம்புவார்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை அவர்களுக்குக் கூடுதலாக வேண்டும்.

## முழு நீள லாங்போர்ட்

95 முதல் 100 செ.மீ. நீளம், 8 முதல் 12 கிலோ. ஏறி நின்ற உடனேயே வித்தியாசம் தெரியும். கால்களை அகட்டி வைக்கலாம், பலகை கொஞ்சம் வளைந்து கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும், வேகத்தில் நேராகப் போகும். பெல்ட்டில் ஓடும் வகையில் பெரிய, மென்மையான சக்கரங்களைத் தேர்ந்து மாட்டலாம். மேடு ஏறவும் இதற்குத்தான் தெம்பு அதிகம். மாற்றாக, பெல்ட் தேயும், நடுவில் சின்னக் கல் சிக்கும். பேட்டரி தீர்ந்தால் உந்திக்கொண்டு போவது கடினம்.

சுமப்பதுதான் சிக்கல். இந்தியக் கடையில் வாங்கும் 20 பவுண்டு அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் இந்தப் பலகை. கூட்டமான ரயிலில் நான்கு பேர் முழங்காலில் இடிக்காமல் திரும்ப முடியாது. வீட்டிலிருந்து அலுவலகம் வரை ஒரே ஓட்டம், இடையில் ரயில் இல்லை, படி இல்லை என்றால் இந்தக் குறை ஒன்றுமே இல்லை. அப்போது இதுவே நல்ல பலகை.

## மடக்கு ஸ்கூட்டர்

சக்கரம் பெரிசு, கைப்பிடி உண்டு, பல மாடல்களில் மோட்டார் பிரேக்கோடு டிஸ்க் அல்லது டிரம் பிரேக்கும் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். கைப்பிடியில் விளக்கும் மணியும் இருக்கும். தரை மோசமான வழியில் போகிறவருக்கு இதை விட்டால் வேறு பதில் என்னிடம் இல்லை.

எடையைப் பாருங்கள். ஷியோமி எம்365, பரவலாக விற்ற இலகுவான மாடல், அதுவே 12 கிலோவுக்கு மேல். நைன்பாட் மேக்ஸ் ஜி30 ஏறத்தாழ 19 கிலோ. அதில் பேட்டரி 551 வாட் அவர், தூரத்துக்குக் கவலையே இல்லை. ஆனால் மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்குகிறவர் ஒரு மாதத்தில் அதைக் கீழேயே பூட்டி வைக்க ஆரம்பித்துவிடுவார். மடக்கிய பிறகும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் மேசைக்கடியில் நுழையாது. சில அலுவலகங்களும் அடுக்ககங்களும் ஸ்கூட்டரை உள்ளே விடுவதே இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சின்னப் பலகை | லாங்போர்ட் | மடக்கு ஸ்கூட்டர் |
|---|---|---|---|
| எடை | 6–8 கிலோ | 8–12 கிலோ | 12–19 கிலோ |
| கையில் நீளம் | சுமார் 75 செ.மீ. | 95–100 செ.மீ. | மடக்கினாலும் 1 மீட்டருக்கு மேல் |
| சக்கரம் | 80–90 மி.மீ. யூரித்தேன் | 90–105 மி.மீ. யூரித்தேன் | 8.5–10 அங்குலம், பலவற்றில் காற்று டயர் |
| நம்பத்தக்க தூரம் | 6–12 கி.மீ. | 15–30 கி.மீ. | 15–35 கி.மீ. |
| பிரேக் | மோட்டார் மட்டும் | மோட்டார் மட்டும் | மோட்டார், பலவற்றில் டிஸ்க் அல்லது டிரம் |
| பழக | கடினம் | நடுத்தரம் | சுலபம் |
| லைசென்ஸ் (கலிஃபோர்னியா) | வேண்டாம், 16 வயது ஆகியிருக்க வேண்டும் | அதேதான் | வேண்டும் (கற்றுக்கொள்வோர் அனுமதியும் போதும்) |
| ஹெல்மெட் (கலிஃபோர்னியா) | எல்லா வயதினருக்கும் கட்டாயம் | அதேதான் | 18 வயதுக்குக் கீழ் கட்டாயம் |
| விலை, ஏறத்தாழ | 400–700 டாலர் | 700–1,500 டாலர் | 400–900 டாலர் |

தூரமும் விலையும் சந்தையில் பொதுவாகக் காணும் அளவுகள். மாடலுக்கு மாடல் மாறும்.

## சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் மோட்டார் வைத்த ஸ்கேட்போர்டுகளுக்குத் தெளிவான இடம் கிடைத்தது 2016 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால். நீளம் 60 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, சராசரி மோட்டார் திறன் 1,000 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், சமதரையில் மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைலுக்கு (32 கி.மீ.) மேல் ஓடக்கூடாது. பொது வழியில் ஓட்டும்போது 15 மைல் (24 கி.மீ.) வேகம்தான் எல்லை. வேக வரம்பு 35 மைலுக்கு மேல் உள்ள சாலையில் சைக்கிள் தடம் இருந்தால் ஒழிய ஏறக்கூடாது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் பக்கவாட்டுப் பிரதிபலிப்பான்களும் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் குற்றம். நடைபாதையில் ஓட்டலாமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், உங்கள் நகராட்சி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சின்னப் பலகைக்கு ஒரு மறைமுக ஆதாயம் இருக்கிறது. அதன் வேகம் பெரும்பாலும் இந்த வரையறைக்குள் அல்லது அதை ஒட்டியே நிற்கும். பெரிய லாங்போர்டுகளில் பல, 28 மைல், 30 மைல், இரட்டை மோட்டாரில் சில ஆயிரம் வாட் என்று விளம்பரம் செய்கின்றன. அப்படிப்பட்டவை இந்தச் சட்டம் சொல்லும் பலகையே அல்ல. விபத்து நடந்தால் அதன் கனம் தெரியும்.

புதிதாக வந்த மாணவர்களுக்கு இன்னொன்று. ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமமோ கற்றுக்கொள்வோர் அனுமதியோ வேண்டும். பலகைக்கு வேண்டாம். வந்த முதல் சில மாதங்களில் இது பெரிய வசதி.

## விலைச்சீட்டில் எழுதாத செலவுகள்

முதலில் உதிரிபாகம். பூஸ்டட் நிறுவனம் 2020 மார்ச்சில் இயக்கத்தை நிறுத்தியது. பலகைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பேட்டரியும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். பிறகு பேட்டரி போனவர்கள் பழைய பொருளையும் தனியார் பழுதுபார்ப்பாளர்களையும் தேடி அலைய வேண்டியதாயிற்று. சின்னப் பலகையில் இந்த ஆபத்து அதிகம். உள்ளே இடம் குறைவு என்பதால் பேட்டரியை அந்தப் பலகைக்கென்றே செதுக்கியதுபோல் அடைத்திருப்பார்கள், வேறொன்றை வாங்கி மாட்ட முடியாது. வாங்குமுன் பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சக்கர உறை. ஹப் மோட்டாரின் யூரித்தேன் உறை தேயும். சிலவற்றில் திருகாணியைக் கழற்றி மாற்றலாம், சிலவற்றில் மோட்டாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது.

பேட்டரி ஆயுள் இன்னொரு செலவு. இத்தகைய லித்தியம் செல்கள் பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சார்ஜ் சுற்றுகளில் தேயத் தொடங்கும். சின்ன பேட்டரியைத் தினமும் முழுதாகக் காலி செய்து ஏற்றுகிறோம், பெரிய பேட்டரியில் அதே தூரத்துக்குக் கால்பங்குதான் செலவாகிறது. ஒரே வழியில் ஓடினாலும் சின்னதுதான் முதலில் கிழடாகும். யூஎல் 2272 பாதுகாப்புச் சான்று இல்லாததை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். சான்று இருந்தாலும் வாசலை மறித்து, தூங்கும் நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம்.

மழை. இங்கே மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. ஈரமான வெள்ளைக்கோட்டில் யூரித்தேன் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், உள்ளே தண்ணீர் போனால் பல கம்பெனிகள் வாரண்டி தராது. அந்த மாதங்களுக்கான பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சின்னதாகத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலகையின் மேல்தளம் உப்புத்தாள். இடுப்போடு அணைத்துத் தூக்கினால் ஒரே வாரத்தில் சட்டையின் ஓரமும் பேண்ட்டின் தொடைப் பக்கமும் பஞ்சு பஞ்சாகும். அடிப்பக்கத்தை உடம்புப் பக்கம் திருப்பினால் சக்கரத்தின் அழுக்கு ஒட்டும். பலகையைச் செருகிக்கொள்ளும் பட்டை வைத்த பை ஒன்று வாங்கிவிடுங்கள். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம் வாங்குங்கள். பலகையிலிருந்து விழுகிறவர் முதலில் ஊன்றுவது கையைத்தான்.

## யாருக்கு எது

ஒரு பக்கத்துக்கு நான்கு கிலோமீட்டருக்குள், வழியில் நல்ல தார், நடுவில் ரயிலோ பஸ்ஸோ படியோ, ஏற்கெனவே கொஞ்சம் ஸ்கேட்போர்ட் பழக்கம். இத்தனையும் பொருந்தினால் சின்னப் பலகையை மறு யோசனை இல்லாமல் வாங்கலாம். பாலோ ஆல்டோவின் பிரையன்ட் தெரு மாதிரி சைக்கிளுக்கென்றே அமைதிப்படுத்திய தெரு உங்கள் வழியில் இருந்தால் இதைவிடச் சுகமான பயணம் கிடையாது. பெரிய வளாகத்தில் வகுப்புக்கு வகுப்பு போகிற மாணவருக்கும் இதுதான்.

ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம், இரண்டு முனையிலும் வைக்க இடம் உண்டு என்றால் லாங்போர்ட். சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்குள் மேடு பள்ளத்தில் இருக்கிறவர்கள் எந்தப் பலகையானாலும் தயங்க வேண்டும். ஏறுவதற்கு மோட்டார் போதும், இறங்குவதுதான் கவலை. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவீதச் சரிவு, அப்படிப்பட்ட இடத்தில் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே முறை.

விரிசல், சரளை, வேர் தூக்கிய சிமெண்ட் வழியென்றால் ஸ்கூட்டர். நாற்பது வயதுக்கு மேல் முதன்முறை முயல்கிறவருக்கும், பையோ மளிகையோ சுமந்து போகிறவருக்கும், இரவில் அதிகம் போகிறவருக்கும் அதையே சொல்வேன். ஒற்றைச் சக்கரப் பலகையைப் பற்றியும் கேட்கிறார்கள். சாண்டா குரூஸ் நகரில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஒன்வீல் வண்டிகள் சுமார் 3,00,000, நான்கு உயிரிழப்புகளுக்குப் பிறகு 2023 செப்டம்பரில் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. பின்னர் எச்சரிக்கை அமைப்பைச் சேர்த்தார்கள். ஆனாலும் தினசரி வேலைக்குப் போக அதை நான் பரிந்துரைப்பதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்பவர்களுக்கு: 100 வாட் அவருக்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக விமான விதிக்குள் வரும், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. லித்தியம் பேட்டரியில் ஓடும் இந்த மாதிரி வண்டிகளை அளவு பார்க்காமலே மறுக்கும் விமான நிறுவனங்களும் இருக்கின்றன. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோய்ச் சேர்த்தாலும், சாலையோர மணலிலும் வேகத்தடையிலும் 80 மி.மீ. சக்கரம் சென்னையில் எங்கே ஓடும் என்று யோசித்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.

வாங்க முடிவெடுத்தவர்களுக்கு ஒரு சோதனை. கடைக்குப் போகுமுன் ஒரு வேலை நாளில், முதுகுப்பையில் மடிக்கணினியோடு, கையில் ஏழு கிலோ எடையுள்ள எதையாவது எடுத்துக்கொண்டு உங்கள் முழு வழியையும் போய்ப் பாருங்கள். ரயிலில் நில்லுங்கள், படி ஏறுங்கள். மீதி வழியை நடந்து, ஒவ்வொரு விரிசலையும் சரளையையும் தடத்தில் நிற்கும் காரையும் குறித்துக்கொள்ளுங்கள். எடை தொந்தரவாக இல்லை, குறிப்பில் பத்துக்கும் குறைவான இடங்கள்தான் வந்தன என்றால் சின்னப் பலகைக்குப் பணம் கட்டலாம்.